பேக்கப் மெதுவானால் அது எச்சரிக்கை

(நமது அறக்கட்டளையின் அலுவலகத் தன்னார்வலர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உதவி கேட்டு வருபவர்கள் ரேஷன் அட்டை, மதிப்பெண் சான்றிதழ், மருத்துவமனைச் சீட்டு எல்லாவற்றையும் நம்மை நம்பித் தருகிறார்கள். ஸ்கேன் செய்து கணினியில் வைக்கிறோம். பணம் மட்டுமல்ல, இந்தத் தாள்களும் அமானிதம்தான். அதைக் காப்பதில் நாங்கள் தவறியதை மறைக்காமல் சொல்கிறோம்.

ஒவ்வோர் இரவும் வெளி ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் எடுத்து வந்தோம். ஆரம்பத்தில் இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. ஓராண்டில் ஐந்து மணி நேரமானது. பிறகு விடிந்தும் முடியவில்லை. காலையில் அலுவலகம் திறப்பவர், “சிஸ்டம் ஸ்லோவா இருக்கு” என்று பேக்கப்பை நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குவார். நாங்களும் கவனிக்கவில்லை. ஒருநாள் கணினியின் டிஸ்க் பழுதானது. பேக்கப்பைத் திறந்தால் கடைசி மூன்று வாரப் பதிவுகள் இல்லை. கல்வி உதவிக்கு விண்ணப்பித்த பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ச் சான்றிதழ்களை மறுபடி கேட்டோம். ஒரு தாய், “அன்னைக்கே கொடுத்தேனே” என்றார். எங்களிடம் பதில் இல்லை.

ஏன் மெதுவானது? டிஸ்க் ஏறக்குறைய நிரம்பியிருந்தது. பழைய பேக்கப்பை அழிக்க அழிக்க அங்கங்கே சிறு சிறு இடைவெளிகள் உண்டாகும். புதிய கோப்பு அவற்றில் துண்டு துண்டாகப் போய் உட்காரும். இதைத்தான் ஃபிராக்மென்டேஷன் என்கிறார்கள். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் டிஸ்க்கில், ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குத் தாவ சுமார் 15 மில்லி விநாடி ஆகலாம். ஒரு கோப்பு 10,000 துண்டுகளானால் தாவுவதற்கே இரண்டரை நிமிடம் போய்விடும்.

இன்னொரு காரணமும் உண்டு. குறைந்த விலை வெளி டிஸ்க்குகள் பலவற்றில் தடங்கள் ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். நடுவில் ஓர் ஓட்டை மாற்ற மேலே உள்ளவற்றையும் எடுத்து அடுக்க வேண்டும் அல்லவா? அப்படித்தான் இதிலும். ஒருமுறை எழுதி வைப்பதற்குப் போதும்; தினமும் அழித்து எழுதினால் திணறும். இவ்வகையை எஸ்எம்ஆர் என்பார்கள். பேக்கப்புக்கு வாங்கும்போது சிஎம்ஆர் வகையா என்று கேட்டு வாங்குங்கள்.

உங்கள் பேக்கப் மெதுவானால் எடுத்தவுடன் டிஃபிராக் செய்யாதீர்கள். சாகப்போகும் டிஸ்க்கும் மெதுவாகத்தான் எழுதும். டிஃபிராக் அதை மேலும் வாட்டும். முதலில் ஸ்மார்ட் பரிசோதனையில் அதன் ஆரோக்கியத்தைப் பாருங்கள். அடுத்து வயரையும் போர்ட்டையும் பாருங்கள். பழைய யுஎஸ்பி 2.0 போர்ட்டின் வேகம் விநாடிக்கு 480 மெகாபிட்; 3.0 போர்ட்டுக்கு 5 ஜிகாபிட். மாற்றிச் செருகினாலே குறை தீர்ந்துவிடலாம். பிறகு இடம். ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக விடுங்கள். ஆயிரக்கணக்கான சிறு ஸ்கேன் படங்களை மாதவாரியாக ஒரே ஜிப் கோப்பாக்கினால் எழுதுவது விரைவாகும்.

துண்டுகளைச் சேர்க்க நாங்கள் செய்தது எளிய வழி. புதிய டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் நகலெடுத்தோம். கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்தோம். அதன் பிறகே பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்து திரும்ப எழுதினோம். கோப்புகள் பெரும்பாலும் தொடர்ச்சியாக அமர்ந்தன. இன்று இரண்டு பிரதிகள் உள்ளன. ஒன்று அலுவலகத்துக்கு வெளியே இருக்கிறது. உங்களிடம் இருப்பது எஸ்எஸ்டி என்றால் டிஃபிராக் தேவையில்லை. அதில் சுழலும் தட்டே கிடையாது. வீணாக எழுதி எழுதி அதன் ஆயுள்தான் குறையும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பேக்கப் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டையும் தினமும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நேரம் நீண்டுகொண்டே போனால் அன்றே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. கொடுத்ததையே மறுபடி கொடுக்கும் சிரமம் இனி எந்தத் தாய்க்கும் நம்மால் வர வேண்டாம்.