பந்தய விலையும் மக்கள் வாக்கும்
(ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

தேர்தல் வந்துவிட்டால் "யார் ஜெயிப்பார்?" என்று எல்லோரும் கேட்பது வழக்கம். இப்போது அந்தக் கேள்விக்கே ஒரு சந்தை வைத்து விலை போட்டு விற்கிறார்கள். இதைக் கண்டு நம் ஊழியர்களில் சிலரும் மயங்குகிறார்கள். ஆகவே நியூயார்க் நகரில் 2025-ல் நடந்ததை எடுத்துக்கொண்டு இதை ஆராய்வோம்.

அமெரிக்காவில் கட்சியின் வேட்பாளர் யார் என்பதையே ஒரு முதற்கட்டத் தேர்தல் வைத்துத் தீர்மானிக்கிறார்கள். நியூயார்க்கில், ஜனநாயகக் கட்சியில் பதிவு செய்துகொண்ட வாக்காளர்களே அக்கட்சியின் மேயர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க முடியும். அந்தத் தேர்தல் 2025 ஜூன் 24 அன்று நடந்தது.

பந்தயச் சந்தை எப்படி நடக்கிறது? "இன்னார் ஜெயிப்பார்" என்று ஒரு சீட்டு. அவர் ஜெயித்தால் சீட்டுக்கு ஒரு டாலர், தோற்றால் ஒன்றுமில்லை. சீட்டு 70 சென்டுக்கு விலை போனால், அவர் ஜெயிக்க நூற்றுக்கு 70 பங்கு வாய்ப்பு என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. இது புதிய சரக்கல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பே வால் ஸ்ட்ரீட் தரகர்கள் தெருவோரத்தில் நின்று தேர்தல் பந்தயம் பிடித்தார்கள். இன்று பாலிமார்க்கெட், கால்ஷி என்ற கம்பெனிகள் அதையே கைப்பேசியில் நடத்துகின்றன.

இந்த விலை யாருடைய குரல்? வாக்குச்சாவடியில் ஒருவருக்கு ஒரு வாக்கு. சந்தையிலோ ஆயிரம் டாலர் வைத்தவனுக்கு ஆயிரம் பங்கு குரல். வாடகை கட்ட முடியாதவனுக்கு அங்கே குரலே இல்லை. இந்த வித்தியாசத்தை மறந்துவிடக் கூடாது.

அந்தத் தேர்தலில் பெரும்பாலான மாதங்கள் முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவின் சீட்டே உயர்ந்து நின்றது. பெயர் பெரியது. பணம் பெரியது. அவரை ஆதரித்த குழு ஒன்று 2 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. கோடீஸ்வரர் மைக்கேல் புளூம்பெர்க் மட்டும் அதற்கு 80 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார். எதிரே நின்ற ஸோரான் மம்தானிக்கு 33 வயது. பிப்ரவரியில் வந்த ஒரு கருத்துக் கணிப்பு அவருக்குக் கொடுத்தது 1 சதவீதம்!

அவருடைய ஊழியர்கள் விலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் கதவு கதவாகத் தட்டினார்கள். ஏறத்தாழ 10 லட்சம் குடியிருப்புகளுக்கு வாடகை உயராது, பஸ் கட்டணம் இராது, குழந்தைக் காப்பகம் இலவசம் என்ற மூன்றே செய்திகளைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வாக்காளர் 5 பேர் வரை வரிசைப்படுத்தலாம் என்ற முறை அங்கே உண்டு. அதைப் பயன்படுத்தி, பிராட் லாண்டர் என்ற மற்றொரு வேட்பாளரும் மம்தானியும் ஒருவருக்கொருவர் ஆதரவு கொடுத்துக்கொண்டார்கள்.

முடிவு என்ன? 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்தார்கள். முதல் சுற்றில் மம்தானி 43 சதவீதத்துக்கு மேல் பெற்றார். குவோமோவுக்கு 36 சதவீதம். விருப்ப வாக்குகளையும் எண்ணியபோது 56-க்கு 44 என்று முடிந்தது. நவம்பர் 4 பொதுத் தேர்தலிலும் மம்தானி வென்று, 2026 ஜனவரி 1 அன்று மேயரானார்.

அப்படியானால் சந்தை சொன்னது வெறும் பொய்யா? அப்படிச் சொல்வதும் தவறு. 70 பங்கு என்றால் மீதி 30 பங்கு இருக்கிறது. பத்தில் மூன்று முறை அதுவும் நடக்கும். புதிய செய்தி வந்தால் விலையும் மாறத்தான் செய்யும். பந்தயக்காரர்கள் கண்ணுக்குத் தெரிந்த பெயரையும் பணத்தையும் கணிப்பையும் எடை போட்டார்கள். வழக்கமாக வாக்களிக்க வராதவனை வரவழைக்கிற உழைப்பை எடை போடுவது கடினம். ஏனென்றால் அந்த உழைப்பு முடிவை ஊகிப்பதில்லை, முடிவையே மாற்றுகிறது.

தோழர்களே! விலை தாழ்ந்தால் "தோற்கப் போகிறோம்" என்று ஊழியன் வீட்டில் படுத்துவிடுகிறான். விலை உயர்ந்தால் "ஜெயித்துவிட்டோம்" என்று அதே ஊழியன் அதே வீட்டில் படுத்துவிடுகிறான். இரண்டிலும் தட்டப்படாத கதவு தட்டப்படாமலே நிற்கிறது. இதுதான் ஆபத்து.

ஆகவே நாம் செய்ய வேண்டியது இதுதான். பந்தயத்தில் ஒரு காசும் வைக்காதீர்கள். விலையைக் கேட்டால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் மாலையில் திரும்பும்போது "இன்று எத்தனை கதவு?" என்று மட்டும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கணக்குத்தான் நம் கையில் இருக்கிற கணக்கு.