மதியம் எங்கே சாப்பிடப் போகிறீர்கள்?

(போடிநாயக்கனூரில், மேற்படிப்புக்காக வெளியூர் செல்லவிருக்கும் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களிடம் ஏதாவது சொல்லுங்கள் என்று கூப்பிட்டார்கள். உதவித்தொகை விண்ணப்பம், நெறியாளரைத் தேர்ந்தெடுப்பது, நூலகத்தைப் பயன்படுத்துவது என்று சொல்ல நிறைய இருக்கிறது. அதையெல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள். நான் மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

சிரிக்க வேண்டாம். அங்கே இரண்டாண்டு இருப்பீர்கள், ஆய்வில் சேர்ந்தால் ஐந்தாறு ஆண்டுகள். தினமும் ஒரு மணிக்குப் பசிக்கும். அப்போது எந்தக் கடையில், யாரோடு உட்காருகிறீர்கள் என்பது உங்கள் படிப்பையும் சேர்த்தே பாதிக்கும்.

இங்கிருந்து மதுரை பஸ் ஏறினால் ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, செக்கானூரணி தாண்டி மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வரும். 1966இல் தொடங்கியது. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு அதுதான் பக்கத்துப் பல்கலைக்கழகம். அங்கே இறங்கினாலும் சரி, சென்னைக்கோ மும்பைக்கோ போனாலும் சரி, பல்கலைக்கழகம் இருக்கும் இடத்தில் நாலு மெஸ், ரெண்டு பரோட்டா கடை, ஒரு தள்ளுவண்டி இருக்கும். எங்கே சாம்பார் நன்றாக இருக்கும், எங்கே விலை குறைவு, எங்கே இரண்டாவது முறை சோறு கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள் என்று சீனியர்கள் சொல்லித் தருவார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அந்த மேசையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாமா?

இதை நம் மலையிலிருந்தே தொடங்குகிறேன். ஏலத்தோட்டங்களில் வேலை செய்யும் பெண்களைப் பற்றித்தான் என் ஆய்வு. விடியும் முன்பே தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறி, முந்தல் தாண்டி, போடிமெட்டு வழியாக மேலே போகிறார்கள். மதியம் செடிகளுக்கு நடுவே ஒரு நிழல் பார்த்து உட்காருவார்கள். ஒரே வேலை, ஒரே கூலி, ஒரே ஜீப். அந்த நேரத்தில் நான் குறிப்பேட்டில் எழுதிய விஷயம் ஒன்றுதான்: யாருடைய குழம்பு யாருடைய சோற்றுக்குப் போகிறது?

சில குழுக்களில் வாளி சுற்றி வரும். ஒருத்தி வைத்த கருவாட்டுக் குழம்பு ஏழெட்டுப் பேரிடம் போய்விட்டு வெறும் வாளியாகத் திரும்பும். சில குழுக்களில் ஒரு இடத்தோடு நின்றுவிடும். அங்கே சிலர் தங்கள் குழம்பைத் தாராளமாகக் கொடுப்பார்கள். ஆனால் திருப்பிக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். "இன்னைக்கு வயிறு சரியில்ல" என்பார்கள். அந்த வயிறு குறிப்பிட்ட சிலருடைய குழம்புக்கு மட்டும் எல்லா நாளும் சரியில்லாமல் இருக்கும். யார் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் சாதி தெரியாது, யார் வாங்கிக்கொள்வதில்லை என்று பார்த்தால் தெரியும்.

இதே பெண்களின் விரல்கள்தான் ஏலக்காயைப் பறிக்கின்றன. ஸ்டோரில் காய்ந்து, போடிக்கு இறங்கி வந்ததும், இங்கே குடோன்களில் வேறு பெண்களின் விரல்கள் அதைத் தரம் பிரிக்கின்றன. பிறகு அது ஊர் ஊராகப் போய், 'உயர்தர சைவம்' என்று பலகை மாட்டிய ஓட்டலின் பாயசத்தில் விழுகிறது. பாயசத்துக்கு அந்த விரல்களில் தீட்டு இல்லை. குழம்புக்குத்தான் தீட்டு.

இப்போது படிப்பு நடக்கும் இடத்துக்கு வருவோம். படித்தவர்கள் இருக்கும் இடத்தில் இதெல்லாம் இருக்காது என்று நினைக்க வேண்டாம். வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் நிதி கொடுத்தது. தேசிய உணர்வுள்ள இளைஞர்களை உருவாக்கும் பள்ளி என்றார்கள். அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சோறு போட்டார்கள். 1924-25இல் அது பெரும் பிரச்சினையாக வெடித்தது. 1925இல் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறியதன் பின்னணியில் அந்தப் பந்தியும் இருக்கிறது.

ரயில் நிலைய உணவகங்களில் பிராமணருக்குத் தனி இடம் என்ற ஏற்பாடு 1941இல்தான் ஒழிந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது திருவல்லிக்கேணி, மெஸ்களுக்குப் பேர்போன இடம். அங்கே முரளி கபேயின் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கச் சொல்லி 1957இல் திராவிடர் கழகத் தோழர்கள் மறியலைத் தொடங்கினார்கள். ஒரு சொல்லுக்காக மாதக்கணக்கில் கைதானார்கள். கடைசியில் சொல் போனது.

இன்று அந்தச் சொல்லை யாரும் எழுதுவதில்லை. சைவம் என்று எழுதுகிறார்கள். 2018 டிசம்பரில் சென்னை ஐஐடி மெஸ் ஒன்றில் சைவர்களுக்குத் தனி வாசல், கை கழுவத் தனி இடம் என்று காகிதம் ஒட்டினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்தார்கள். 2023இல் மும்பை ஐஐடி விடுதி மெஸ்ஸில் ஆறு மேசைகளைச் சைவத்துக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். எதிர்த்து அங்கே உட்கார்ந்து அசைவம் சாப்பிட்ட மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம்.

ஒருவர் காய்கறி மட்டும் சாப்பிடுவது அவர் விருப்பம். அதில் நமக்குச் சண்டை இல்லை. ஆனால் சாப்பாடு வேறு என்பதற்காகக் கை கழுவும் குழாய் ஏன் வேறாக வேண்டும்? 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதைத் தாண்டியவர்களில் 97 விழுக்காட்டுக்கும் மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். அந்த 97 பேர் தொட்ட குழாயைத் தொடக் கூடாது என்றால், அதற்குப் பெயர் உணவுப் பழக்கமா?

யார் உட்காருவது என்பதோடு யார் சமைப்பது என்பதையும் பாருங்கள். 2018இல் அவிநாசி பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க அருந்ததியர் பெண் வந்ததற்குச் சாதி இந்துக்கள் பிரச்சினை செய்தார்கள். உங்கள் மெஸ்ஸில் இலை எடுப்பவர் யார், அடுப்படிக்குள் போக முடிந்தவர் யார் என்று ஒரு நாள் கவனியுங்கள்.

நான் சேர்ந்த முதலாண்டில் ஒரு மெஸ்ஸில் பற்று வைத்துச் சாப்பிட்டேன். நோட்டில் பெயர், துறை, ஊர் எழுதினார்கள். பிறகு ஒருநாள், "போடியில எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து எனக்கு மட்டும் ரொக்கம் என்றார்கள். உதவித்தொகை ஐந்தாறு மாதம் தாமதமாகும் ஆய்வு மாணவருக்குப் பற்று இல்லை என்றால் மதியச் சாப்பாடு இல்லை என்று அர்த்தம். எதிரே ஒரு பரோட்டா கடைக்குப் போனேன். அங்கே என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "சால்னாவா, குருமாவா?" ஆய்வேட்டின் பாதி அந்தக் கடையின் பெஞ்சில்தான் உருவானது.

ஆகவே கடை தேடும்போது இவற்றைப் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே தட்டு, ஒரே டம்ளரா? ஒரு பெண் தனியாக வந்து நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் போக முடிகிறதா? பற்று கொடுக்க ஊர், தெரு கேட்கிறார்களா? முட்டையாவது கிடைக்கிறதா? இதற்கெல்லாம் பிறகு ருசியைப் பாருங்கள். தனி டம்ளர் வைத்தாலோ உள்ளே விட மறுத்தாலோ அது குற்றம். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் ஓட்டலில் நுழைவதற்கும் அங்குள்ள பாத்திரத்தைப் பயன்படுத்துவதற்கும் உள்ள உரிமையைத் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் "எந்தப் பக்கம்?" என்ற கேள்வியைச் சட்டத்தில் பிடிப்பது கஷ்டம். அதை நாம்தான் பிடிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. நம் பிள்ளைகள் பலர் இந்தச் சங்கடத்துக்குப் பயந்து அறைக்குள் தனியாகச் சாப்பிடுகிறார்கள். அதில் போவது சோறு மட்டும் இல்லை. எந்த உதவித்தொகைக்கு எப்போது கடைசி நாள், எந்த நெறியாளர் எப்படி, எந்தக் கருத்தரங்குக்குக் கட்டுரை அனுப்பலாம் என்பதெல்லாம் அறிவிப்புப் பலகையில் வருவதற்கு முன்பே மதிய மேசையில் பேசப்படுகின்றன. அந்த மேசைக்கு நீங்கள் போகவில்லை என்றால் செய்தி உங்களிடம் வராது. கொலம்பியாவில் படித்துவிட்டு 1917இல் பரோடாவில் வேலைக்குப் போன அம்பேத்கருக்கு, அந்த ஊரில் தங்கிச் சாப்பிட ஒரு இடம் கிடைக்கவில்லை. பட்டம் மட்டுமே நமக்கு மேசையை வாங்கித் தராது என்பதை அவரை விட யார் அறிவார்?

அதனால் போய்ச் சேர்ந்த முதல் வாரமே நாலு பேரைச் சேருங்கள். வேறு துறை, வேறு சாதி, வேறு ஊராக இருக்கட்டும். ஒரு கடையைப் பிடியுங்கள். உங்கள் குழம்பைக் கொடுங்கள். அவர்கள் குழம்பைக் கேட்டு வாங்குங்கள். புதிதாக ஒரு பிள்ளை தட்டோடு நின்றால் நகர்ந்து இடம் கொடுங்கள். எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஜெய்பீம்.