ஓரங்குலத்தில் ஒரு மைல்



இலக்கியம் பேசும் இந்த நேரத்தில் இன்று நான் எடுத்துக்கொள்ளும் நூல் கதையுமல்ல, கவிதையுமல்ல. பள்ளிக்கூடப் பையில் மற்றப் புத்தகங்களோடு அடங்காமல் மூலை மடிந்து நீட்டிக்கொண்டிருக்குமே, அந்தத் தேசப்படப் புத்தகம். அட்லஸ் என்றால் எல்லோருக்கும் விளங்கும். சோதனைக்காக ஆறும் மலையும் குறித்துப் பழகிய பின்னர் நம்மில் பலர் அதைத் திறப்பதேயில்லை. ஆனால் தேசப்படமும் வாசிக்க வேண்டிய ஒன்றுதான். யார் எழுதினார், யாருக்காக எழுதினார், எதை எழுதாமல் விட்டார் என்று ஒரு நாவலைப் பற்றிக் கேட்பதுபோல அதைப் பற்றியும் கேட்கலாம். இதனை நம்முடைய வன்னி மண்ணை வைத்தே பேச விரும்புகிறேன்.

படத்தொகுதிக்கு அட்லஸ் என்ற பெயரை இட்டவர் மெர்கேற்றர். அவர் இறந்த மறுவருடம், 1595இல், அந்தப் பெயரோடு அவருடைய தொகுதி வெளிவந்தது. அதற்கு முன்னர், 1569இல், அவர் கடலோடிகளுக்காக ஓர் உலகப்படம் வரைந்தார். திசைகாட்டி காட்டும் திசை படத்தில் நேர்கோடாக வரவேண்டும் என்பது அவருடைய நோக்கம். அதற்காகத் துருவங்களை அண்டிய நிலங்களை இழுத்துப் பெருப்பிக்க வேண்டியிருந்தது. அதனால்தான் அந்தப் படத்தில் கிறீன்லாந்து ஆபிரிக்காவுக்குச் சமமாகத் தெரிகிறது. உண்மையில் ஆபிரிக்கா அதைப்போல 14 மடங்கு பெரியது. மாலுமிக்குத் திசைதான் வேண்டும், பரப்பளவு வேண்டாம். ஆகவே ஒன்றைக் காப்பாற்றி மற்றதைக் கைவிட்டார். எல்லாப் படங்களும் இப்படித்தான். வரைந்தவருடைய தேவையே படத்தின் உருவம்.

தாளில் வரைந்த படங்கள் நம்முடைய பழைய இலக்கியத்தில் இல்லை. சொல்லால் வரைந்த படங்கள் உண்டு. ஆற்றுப்படை என்ற இலக்கிய வகையே வழிகாட்டுவதற்காகப் பிறந்தது. பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் எதிரே வரும் கூத்தனுக்குப் பாதை சொல்கிறான். மலைபடுகடாத்தில் அவன் ஊரின் பெயரையும் தூரத்தையும் சொல்வதோடு நின்றுவிடவில்லை. பன்றிக்கு வைத்த பொறிகள் வழியிற் கிடக்கும், விடிந்த பின் போ என்கிறான். தினைப்புனத்தில் யானைக்கு எறியும் கவண்கல் உன்மேலும் விழும், ஒதுங்கிப் போ என்கிறான். சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையவன் கோவலனுக்கு மதுரைக்குப் போகும் மூன்று வழிகளைச் சொல்கிறான். வலப்பக்கம் போனால் என்ன துன்பம், இடப்பக்கம் போனால் என்ன துன்பம், இடைவழியில் என்ன மயக்கம் என்று வகுத்துச் சொல்கிறான். நடக்கப் போகிறவனுக்காக நடந்தவன் வரைந்த படம் இது.

கண்ணகியின் வழி மதுரையோடு முடிந்தது என்பது இளங்கோவைப் படித்தவர்களின் கணக்கு அல்ல. அவர் அவளைச் சேரநாடு வரை கொண்டு போகிறார். முல்லைத்தீவு மக்களின் கணக்கு இன்னும் நீளமானது. மதுரையை எரித்தபின் அம்மன் கடல் கடந்து இலங்கைக்கு வந்து பல இடங்களில் தங்கினாள், பத்தாவதாகத் தங்கிய பளையே பத்தாப்பளை, அதுவே இன்றைய வற்றாப்பளை என்று சொல்வார்கள். வைகாசி விசாகப் பொங்கலுக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பாதை உண்மையானது. எந்த அட்லஸிலும் இல்லாத ஒரு கோடு, பூம்புகாரிலிருந்து நந்திக்கடல் வரை அவர்களுடைய மனத்தில் ஓடுகிறது.

இனி வன்னியை வெளியார் எப்படி வரைந்தார்கள் என்று பார்ப்போம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த தொலமி இந்தத் தீவைத் தப்ரபேன் என்ற பெயராற் குறித்து, இடங்களின் பெயர்களைப் பாகைக் கணக்கோடு பட்டியலாக எழுதினார். நாம் இன்று காணும் படங்கள் அந்தப் பட்டியலிலிருந்து பிற்காலத்தார் வரைந்தவை. தீவு உண்மையிலும் பலமடங்கு பெரிதாக இருக்கும். தொலமி இங்கே வரவில்லை. கப்பற்காரரும் வணிகரும் கொண்டுவந்த செய்திதான் அவருக்குக் கிடைத்தது. ஆகவே கரையோரத் துறைகளுக்கு அங்கே நல்ல இடமுண்டு.

ஆயிரத்தைந்நூறு வருடங்கள் கழித்து றொபேட் நொக்ஸ் வருகிறார். 1660இல் கண்டி அரசனிடம் சிறைப்பட்ட இந்த ஆங்கிலேயர் 1679இல் தப்பி, அநுராதபுரத்திலிருந்து அருவியாற்றின் ஓரமாக, மனிதர் கண்ணிற் படாமலிருக்க முயன்று, காட்டுக்குள்ளால் நடந்து மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் வெளியான அவருடைய நூலில் தீவின் படம் ஒன்று உண்டு. அதன் வடபகுதியை அவர் ஒரு வன்னியனுடைய நாடு என்று பெயர் சொல்லிக் குறித்திருக்கிறார். கைலாய வன்னியன் என்பதே அவருடைய எழுத்தில் அப்படித் திரிந்தது என்பர். தப்பியோடுகிறவனுக்கு எந்த நிலம் யாருடைய ஆட்சியில் இருக்கிறது என்பதே உயிர்க் கேள்வி. அவருடைய படம் அந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது. அந்த நாட்டுக்குள் எத்தனை குளம் என்று அவர் ஏன் எண்ணப்போகிறார்?

குளங்களை எண்ணியவர்கள் வரி கேட்க வந்தவர்களும் நீர்ப்பாசனம் திருத்த வந்தவர்களும்தான். 1800இல் ஆங்கில ஆட்சியில் நில அளவைத் திணைக்களம் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் முதற் காற்பகுதியில் முழுத் தீவும் ஓரங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவுத்திட்டத்தில் 72 தாள்களாக வரையப்பட்டது. புவியியல் படித்தவர்கள் இடவிளக்கப் படம் என்று அறிவீர்கள். ஒரு மைலில் 63,360 அங்குலம் உண்டு. அத்தனையையும் ஓரங்குலத்துக்குள் அடக்குவதென்றால் பலவற்றை விடத்தான் வேண்டும். ஆனாலும் வன்னிக்குரிய தாள் ஒன்றை விரித்துப் பாருங்கள். பச்சைக் காட்டுக்குள் நீலப் பொட்டுகள் சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு பொட்டும் ஒரு குளம். உடைந்து கைவிடப்பட்ட குளங்களும் குறிக்கப்பட்டிருக்கும். காடு என்று வெளியார் நினைத்த இடத்தில் எத்தனை தலைமுறை கமம் செய்திருக்கிறது என்பதற்கு அந்தத் தாளே சாட்சி.

நான் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி இதுதான். தூரத்தை அளந்தது அளவைக்காரரின் சங்கிலி. பெயரைச் சொன்னது ஊர்ச் சனத்தின் வாய். இது என்ன குளம் என்று கேட்டிருப்பார். கமக்காரனோ மாட்டுக்காரனோ சொல்லியிருப்பான். அந்தப் பெயர்களைச் சற்று நின்று கேளுங்கள். ஆனையிறவு, ஆனைகள் நீரேரியைக் கடந்த துறை. கரடிப்போக்கு, கரடி போய்வந்த வழி. இன்று கிளிநொச்சியில் பஸ் நிற்கும் சந்தி. வவுனியாவுக்கு அருகே பன்றிக்கெய்தகுளம், பன்றிக்கு அம்பெய்த கதை அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. தண்ணிமுறிப்பு என்ற பெயர் தண்ணீர் அணையை முறித்த ஒரு மாரியை நினைவூட்டுகிறது. மடு என்றால் ஆழம், மோட்டை என்றால் சிறு நீர்நிலை. மருதங்குளம், புளியங்குளம், ஈச்சங்குளம் என்றால் கரையில் என்ன மரம் நின்றது என்று தெரிந்துவிடும். ஏ9 வீதியில் 155ஆம் கட்டை என்றொரு இடம் உண்டு. மைற்கல்லின் இலக்கம் அங்கே ஊர்ப்பெயர் ஆகிவிட்டது. மைல் போய்க் கிலோமீற்றர் வந்த பின்னும் நம் சனம் கட்டையை விடவில்லை.

இந்தப் பெயர்கள் ஆங்கில எழுத்திற் படத்தில் ஏறியபோது சில இழப்புகள் நேர்ந்தன. லகர ளகர ழகரங்கள் ஒன்றாயின. வல்லின றகரமும் டகரமும் ஒரே எழுத்தாயின. வற்றாப்பளையை அந்த எழுத்திலிருந்து திரும்பத் தமிழாக்கும் ஒருவர் வட்டப்பலை என்று வாசித்துவிடலாம். அப்போது பத்தாவது பளை என்ற கதையும் போய்விடும், கண்ணகி வந்த வழியும் போய்விடும்.

எல்லைகளும் நிலையானவை அல்ல. 1978க்கு முந்திய அட்லஸை எடுத்தால் முல்லைத்தீவு மாவட்டம் என்று ஒன்று இராது. 1984க்கு முந்தியதில் கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் கிடக்கும். பழைய அட்லஸை வீசிவிடாதீர்கள். பழையதையும் புதியதையும் பக்கத்திற் பக்கம் வைத்தால் அதுவே ஒரு வரலாற்றுப் புத்தகம். மணலாறு 1988இல் வெலிஓயா ஆயிற்று. வெலி என்றாலும் மணல்தான், ஓயா என்றாலும் ஆறுதான். மொழிபெயர்ப்பில் பிழை பிடிக்க முடியாது. ஆனால் 1984இல் அந்தப் பகுதியிலிருந்து எழும்பி வந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை, தாய் சொன்ன பெயரை வைத்துக்கொண்டு புதிய படத்தில் ஊரைத் தேடினால் எங்கே காணும்?

போர்க்காலத்துப் படங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2009 ஜனவரியில் ஏறத்தாழ 35 சதுர கிலோமீற்றர், பெப்ரவரியில் கடலோரமாக ஏறத்தாழ 14 சதுர கிலோமீற்றர், மே மாதத்தில் அதனினும் மிகச் சிறியது என்று பாதுகாப்பு வலயங்கள் படத்திற் கீறப்பட்டன. அந்தக் கோடுகளுக்குள்ளும் எறிகணைகள் வீழ்ந்ததை 2011இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை எழுதியிருக்கிறது. கோடு கீறியவர்களிடம் படம் இருந்தது. கோட்டுக்குள் நின்ற சனத்திடம் புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்ற பெயர்கள்தான் இருந்தன. போர் முடிந்த பின் மிதிவெடி அகற்ற வந்தவர்களும் படம் வரைந்தார்கள். அவர்களும் எங்கே மாடு வெடியில் அகப்பட்டது, எந்தப் பாதையால் இப்போது ஒருவரும் போவதில்லை என்று ஊரவரைக் கேட்டே தொடங்கினார்கள். மலைபடுகடாத்துக் கூத்தன் சொன்ன பொறி, வேறு உருவத்தில் நம் பாதையிற் கிடந்தது. அதைச் சொல்ல இப்போதும் ஊரவனே வேண்டியிருந்தது.

இனிக் கற்பனைக்கு வருவோம். ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' நாவல் ஒரு படத்திலிருந்தே பிறந்தது. 1881இல் ஸ்கொட்லாந்தில் ஒரு மழைக்காலத்து விடுமுறையில் பிள்ளையோடு விளையாட்டாக ஒரு தீவின் படம் வரைந்தார். பார்த்துக்கொண்டிருக்க அந்தத் தீவில் ஆட்கள் நடமாடத் தொடங்கினார்கள், கதை வந்தது. பின்பு நூலாக அச்சிடக் கொடுத்தபோது அந்த மூலப்படம் தொலைந்துபோயிற்று. என்ன செய்தார்? தான் எழுதிய கதையைத் திரும்ப வாசித்து, அதிற் சொன்ன இடங்களை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுப் படத்தை மறுபடி வரைந்தார்.

இதைப் படித்தபோது எனக்கு அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'தான் நினைவுக்கு வந்தது. 1973இல் வெளிவந்த அந்த நாவல் தண்ணிமுறிப்பில் நடக்கிறது. கதிராமனும் பதஞ்சலியும் வாழும் அந்தக் காடும் குளமும் வெறும் பின்னணியாக நிற்பதில்லை. கதையை வாசித்து முடிக்கும்போது அங்கே நடந்து திரிந்த மாதிரி இருக்கும். நாவல் வந்து பதினொரு வருடத்தில் தண்ணிமுறிப்பு மக்கள் ஊரைவிட்டு எழும்ப நேர்ந்தது. அந்த ஊரைக் கண்டிராத இளையவர் ஒருவர் இன்று அதை மனத்திற் கட்டியெழுப்ப விரும்பினால் அந்தப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம். தொலைந்த படத்தைச் சொல்லிலிருந்து திரும்ப வரைய முடியும். சொல் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

இப்போது கையிலுள்ள தொலைபேசியிலேயே செய்மதிப் படம் வந்துவிட்டதே என்பீர்கள். உண்மை. ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருந்துகொண்டு நம்மவர்கள் தங்கள் வளவையும் கிணற்றையும் தேடிப் பார்க்கிறார்கள். ஓரங்குலப் படம் விட்டுவிட்ட தென்னைமரம்கூட அதில் தெரிகிறது. ஆனால் தென்னையைக் காட்டும் அந்தப் படத்துக்கு, எந்தக் குளத்தின் அலைகரையில் எந்த ஐயன் கோயில் இருந்தது என்பது தெரியாது. எல்லாம் தெரிகிறது, பெயர் மட்டும் இல்லை. பெயரறிந்தவர்களோ ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே ஒரு வேலை சொல்கிறேன். பெரிய செலவில்லை. கடதாசி ஒன்றும் பென்சில் ஒன்றும் போதும். ஊரில் வயதான ஒருவரிடம் போய் இருங்கள். முதலில் குளத்தைக் கீறுங்கள். கட்டு எந்தப் பக்கம், துருசு எங்கே, வான் எங்கே பாயும் என்று கேளுங்கள். பிறகு வாய்க்கால்கள், வயல்வெளிகளின் பெயர்கள், பழைய வண்டிற் பாதை, கோயில், சுடலை, இன்று இல்லாத குடியிருப்புகள். அளவுத்திட்டம் பிழைத்தாற் பரவாயில்லை, அதை அளவைக்காரர் சரிசெய்வார். பெயரைத் தமிழில், சொன்னவர் சொன்னபடியே எழுதுங்கள். திகதியையும் இடுங்கள். ஒரு பிரதியைப் பள்ளிக்கூட நூலகத்தில் கொடுங்கள்.

அளந்தவர்களின் படம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. நடந்தவர்களின் படம்தான் இனி வரையப்பட வேண்டும். அதற்குரிய காலம் அதிகமில்லை.