ராத்திரி மோட்டாரும் விடியற்காலைப் பதற்றமும்



தருமபுரி மாவட்டம் கடத்தூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் ஒருவரிடம் "ராத்திரி நல்லா தூங்குனீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "கரண்டு எப்ப வந்துச்சுன்னு கேளுங்க" என்பார். மோட்டாருக்கான மும்முனை மின்சாரம் ராத்திரி முறையில் வந்தால், ஊர் அடங்கின பிறகு டார்ச் லைட்டோடு வரப்பில் இறங்க வேண்டும். ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டவருக்காவது நிம்மதியா என்றால், அதுவும் இல்லை. போர்வெல்லில் தண்ணீர் விட்டு விட்டு வருகிறதா, மோட்டார் காயில் புகைந்துவிடுமா என்று உடம்பு கட்டிலில் கிடந்தாலும் காது விழித்தே இருக்கும்.

கவலை இருக்கிறது, அதனால் தூக்கம் வரவில்லை என்போம். உண்மைதான். ஆனால் தூக்கம் கெட்டதாலேயே கவலை பெருகுகிறது என்பதை நாம் அவ்வளவாக யோசிப்பதில்லை.

2007-இல் தூக்க ஆய்வாளர் மேத்யூ வாக்கர் குழுவினர் நல்ல உடல்நலத்தோடு இருந்த இளைஞர்கள் சிலரை ஏறக்குறைய 35 மணி நேரம் தூங்கவிடாமல் வைத்து, மனதைக் கலங்கடிக்கும் படங்களைக் காட்டினார்கள். மூளையில் அமிக்டலா என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. ஆபத்து என்றால் முதலில் உசுப்புவது அதுதான். தூங்கியவர்களைவிட இவர்களுக்கு அது 60 சதவீதம் அதிகமாகக் கொதித்தது. "பொறு, அப்படி ஒன்றும் இல்லை" என்று அதை அடக்கும் முன்மூளையோடு இருந்த தொடர்பும் தளர்ந்து போயிருந்தது. அதே குழு 2019-இல் இன்னொன்றைச் சொன்னது: ஒரே ஓர் இரவு முழுக்க விழித்தால் பதற்றம் 30 சதவீதம் வரை கூடுகிறது; கனவில்லாத ஆழ்ந்த தூக்கம்தான் அதை இறக்குகிறது.

இதை நம் ஊர் நிலவரத்தோடு சேர்த்துப் பாருங்கள். அரைத்தூக்கத்தோடு வெற்றிலைச் சந்தைக்குப் போகிறவருக்கு, விலை கொஞ்சம் இறங்கினாலே வாங்கின கடன் மொத்தமும் கண்முன் வந்து நிற்கும். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன மகன் ஒரு தடவை போனை எடுக்காவிட்டால், நெஞ்சு படபடக்கும். சாயங்காலம் ஆனதும் "இன்னைக்காவது தூங்கணுமே" என்பதே புதுக் கவலையாகிவிடும்.

இப்படி இருப்பவரிடம் போய் "பத்து மணிக்குப் படுங்க" என்று அறிவுரை சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கரண்டு அவர் கையில் இல்லையே! பகல் மின்சாரம் கேட்பதை விவசாயக் கோரிக்கையாக மட்டும் பார்க்கிறோம். என் கணக்கில் அது மனநலக் கோரிக்கையும்தான்.

கையில் இருப்பது கொஞ்சம். ராத்திரி முறை இல்லாத நாட்களிலாவது ஒரே நேரத்தில் எழுந்துவிடுங்கள். எப்போது படுத்தீர்கள் என்பதைவிட இது முக்கியம். படுத்துத் தூக்கம் வராமல் புரண்டால், எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள். கண் சொக்கும்போது திரும்பப் படுக்கலாம். ராத்திரி மோட்டாருக்குப் போனவர் மத்தியானம் அரை மணி நேரம் கண்ணயரலாம், தப்பில்லை. டீயில் உள்ள காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணி டீ பதினோரு மணிக்கும் உடம்பில் இருக்கும். மது குடித்தால் தூக்கம் வருகிறது என்பார்கள். வரும், நடுராத்திரியில் கலைந்தும் போகும். பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையை வாங்கிப் போடவே போடாதீர்கள்.

மறுநாள் செய்ய வேண்டியதைப் படுக்குமுன் காகிதத்தில் எழுதிவைத்தவர்கள் சீக்கிரம் தூங்கிப்போனதாக 2018-இல் அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று காட்டியது. உர மூட்டை, சொசைட்டித் தவணை, பறிப்புக்கு ஆள் சொல்வது, எதுவானாலும் எழுதிவிடுங்கள்.

வாரத்தில் மூன்று நாளாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதமாக நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டில் சொன்னால் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். அங்கே போகத் தயங்குகிறவர்களுக்கு 2022 முதல் டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை இருக்கிறது. எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள்.