உரிமை கேட்கும் எழுத்து
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு ஊட்டி வந்துள்ளது. அந்த எழுத்து தேர்வு எழுதப் பயன்பட்டது. வேலை பெறப் பயன்பட்டது. மகிழ்ச்சியே. ஆயினும் நமக்குரிய உரிமையை, மறுப்பவர் நெஞ்சிலும் உறைக்கும்படி எழுதிக் கேட்கும் ஆற்றலை நாம் முழுமையாகப் பெற்றுவிட்டோம் என்று சொல்வதற்கில்லை. அவ்வாற்றல் எத்தகையது என்பதை, அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போரில் பிறந்த ஒரு மடலைக் கொண்டு இன்று ஆராய்வோம். டாக்டர் மார்ட்டின் லூதர் கிங் அவர்கள் 1963-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாளிட்டுப் பர்மிங்காம் நகரச் சிறையிலிருந்து எழுதிய மடலே அது.

கடல் கடந்த அவர்களுக்கும் நமக்கும் என்ன உறவு என்று இளைஞர் சிலர் வினவலாம். 1946-இல் அண்ணல் அம்பேத்கர் அவர்கள் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அமைப்புக்குக் கறுப்பின மக்கள் அளித்த விண்ணப்பத்தின் படிகளை அனுப்புமாறு கேட்டார். நம் மக்களுக்காகவும் அவ்வாறே விண்ணப்பிக்க எண்ணுவதாக அக்கடிதத்தில் குறித்தார். கிங் அவர்களும் 1959-இல் இந்தியா வந்தார். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர், அமெரிக்காவிலிருந்து வந்துள்ள தீண்டப்படாதவர் என்று தம்மை மாணவர்களுக்கு அறிமுகம் செய்ததாகவும், முதலில் மனம் துணுக்குற்றுப் பின் தம் மக்களின் நிலையை எண்ணி அது உண்மையே எனத் தெளிந்ததாகவும் 1965-இல் ஒரு சமயச் சொற்பொழிவில் அவரே கூறியுள்ளார். உறவுக்கு இவ்விரு சான்றுகள் போதும்.

இனி மடல் பிறந்த வரலாற்றைக் காண்போம். பர்மிங்காம், அலபாமா மாநிலத்தின் இரும்புத் தொழில் நகரம். அங்குள்ள கடைகளில் கறுப்பினத்தார் பணம் கொடுத்துப் பொருள் வாங்கலாம். அதே கடையின் சிற்றுண்டிப் பகுதியில் அமர்ந்து ஒரு கோப்பைக் காப்பி அருந்த இயலாது. இக்கொடுமையை எதிர்த்து 1963 ஏப்ரல் தொடக்கத்தில் அறப்போர் மூண்டது. ஊர்வலங்களுக்கு நீதிமன்றம் தடை விதித்தது. அத்தடையை மீறி, ஏப்ரல் 12, புனித வெள்ளியன்று நடந்து சென்ற கிங் சிறைப்பட்டார். அதே நாளிட்டு, வெள்ளையரான சமயத் தலைவர் எண்மர் ஓர் அறிக்கை விடுத்தனர். கிளர்ச்சி அறிவுடைய செயலன்று, காலமும் பொருந்தவில்லை, வெளியார் வந்து நடத்துகின்றனர், குறைகளை நீதிமன்றத்திலும் பேச்சுவார்த்தையிலும் தீர்த்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். காவல் துறையினரையும் அவர்கள் பாராட்டினர். அவர்கள் கொடியவர் அல்லர் என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். பொறுமையைப் போதித்த நல்லவர்கள் அவர்கள்.

சிறையில் அவ்வறிக்கையைக் கண்ட கிங், செய்தித்தாளின் ஓரங்களிலேயே விடை எழுதத் தொடங்கினார். கறுப்பினக் கைதி ஒருவர் தந்த துண்டுத் தாள்களில் தொடர்ந்து, வழக்கறிஞர்கள் விட்டுச் சென்ற ஏட்டில் முடித்தார்.

பிறர் மனத்தை இசையச் செய்யும் வழிகளைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் மூன்றாக வகுத்தார். சொல்வோனின் நன்மதிப்பு, சொல்லும் காரணத்தின் வலிமை, கேட்போர் உள்ளத்தில் எழும் உணர்ச்சி என்பன அவை. மூன்றும் இம்மடலில் உள்ளன.

முதலாவது நன்மதிப்பு. வெளியார் என்ற பழிக்குக் கிங் சினந்து விடையிறுக்கவில்லை. தாம் தென்னகக் கிறித்தவத் தலைமை மாநாட்டின் தலைவர் என்பதையும், அதன் உள்ளூர்க் கிளை அமைப்பு அழைத்ததால் வந்ததையும் அடக்கத்துடன் எடுத்துரைத்தார். உதவி நாடிய அழைப்பை ஏற்று அயல்நாடு சென்ற புனித பவுலை நினைவூட்டினார். படிப்பவர் சமயத் தலைவர்கள். பவுலை அவர்கள் எவ்வாறு மறுப்பர்? எதிரி எந்த நூலை மதிக்கிறாரோ அந்த நூலிலிருந்தே நியாயத்தை எடுத்துக் காட்டுவது இம்மடலின் தலையாய உத்தியாகும்.

இரண்டாவது காரண வலிமை. அறப்போருக்கு நான்கு படிகள் உண்டு என்றார். உண்மைகளைத் திரட்டுதல், பேச்சு நடத்துதல், தம்மைத் தாமே தூய்மைப்படுத்திக்கொள்ளுதல், அதன்பின் நேரடிச் செயலில் இறங்குதல் என்பன அவை. பேச்சு நடத்தச் சொன்னவர்களுக்கு, பேச்சு முன்னரே நடந்ததையும், இழிவுப் பலகைகளை அகற்றுவதாக வணிகர்கள் தந்த வாக்குப் பொய்த்ததையும் எடுத்துக் காட்டினார்.

சட்டத்தை மீறலாமா என்ற வினா கடினமானது. அறத்திற்குப் பொருந்தும் சட்டம் உண்டு, பொருந்தாத சட்டமும் உண்டு என்று அவர் பிரித்தார். பெரும்பான்மையோர் தாம் பின்பற்றாததைச் சிறுபான்மையோர்மீது சுமத்தினால் அது முறையற்ற சட்டம். வாக்குரிமை மறுக்கப்பட்டவர்மீது அவர் பங்கின்றி இயற்றப்பட்டதும் அத்தகையதே. இதற்குச் சான்றாகக் கிறித்தவர்க்கு அகஸ்டின், அக்குவினாஸ் ஆகியோரையும் காட்டினார். எண்மருள் யூத குரு ஒருவர் இருந்தார், யூத அறிஞர் மார்ட்டின் பூபரையும் காட்டினார். மீறுவோர் வெளிப்படையாக மீறித் தண்டனையை ஏற்க வேண்டும் என்றும் எழுதினார். எழுதியபடியே நடந்தார். அத்தடையை மீறிய வழக்கில் 1967-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தபோது, மீண்டும் பர்மிங்காம் சென்று சிறை புகுந்தார். எழுத்துக்கு நன்மதிப்பு தருவது இத்தகைய நடத்தையே.

மூன்றாவது உணர்ச்சி. பொறுத்திருங்கள் என்ற சொல்லுக்கு, போராட்டத்தின் காரணங்களை அடுக்கிய பின்னரே அவர் உள்ளம் திறந்து விடை தருகிறார். ஆங்கிலத்தில் முந்நூறு சொற்களுக்கு மேற்பட்ட ஒரே வாக்கியம் அது. தொலைக்காட்சியில் கண்ட கேளிக்கைப் பூங்காவுக்கு ஏன் போகக்கூடாது என்று கேட்கும் ஆறு வயது மகளிடம் நா எழாத தந்தை அதில் இருக்கிறார். தங்க விடுதியின்றி ஊர்தியிலேயே உறங்கும் பயணி இருக்கிறார். எந்த வயதிலும் பையன் என்றே விளிக்கப்படும் ஆடவர் இருக்கிறார். அவ்விளி நமக்குப் புதிதன்று! வாக்கியம் முடியாமல் நீள நீள, படிப்பவரும் காத்திருக்கிறார். காத்திருத்தலின் துன்பத்தைத் தாமே நுகர்கிறார். அழுகையும் வசையும் இல்லை. கண்டவற்றைக் கண்டவாறு சொல்வதே போதுமானதாயிற்று.

மடல் ஒன்றே வெற்றி தந்தது என்று நாம் கருதிவிடக்கூடாது. அவ்வாண்டு மே மாதம் பள்ளிச் சிறுவர் சிறுமியர் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கினர். நாய்களையும் தண்ணீர்ப் பீரங்கிகளையும் ஏவினர் காவலர். உலகம் அதைப் படங்களில் கண்டது. மே 10-ஆம் நாள் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. 1964 சூலை 2-ஆம் நாள் குடியுரிமைச் சட்டம் கையொப்பமாயிற்று. தெருவில் நடந்த கால்கள் எழுத்துக்கு வலிமை தந்தன. அக்கால்கள் ஏன் நடந்தன என்பதை எழுத்து உலகுக்கு விளக்கியது.

இளைஞர்களே! சுடுகாட்டுப் பாதை, குடிநீர், மனைப் பட்டா, மாணவர் விடுதி ஆகியவற்றிற்காக நம் மக்கள் எழுதும் மனுக்கள் பலவற்றை ஆசிரியப் பணியில் நாம் கண்டிருக்கிறோம். சில, கருணை கூர்ந்து பிச்சையிடுமாறு கெஞ்சுகின்றன. சில, முதல் வரியிலேயே ஏசுகின்றன. நாளும் புல எண்ணும் முன்பு கொடுத்த மனுவின் விவரமும் இரண்டிலும் இல்லை. இரண்டும் ஒரே கட்டில் உறங்குகின்றன.

உரிமை கேட்பவன் கெஞ்ச வேண்டுவதில்லை. தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17-ஆம் உறுப்பும், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதிகாரி மறுக்க இயலாத நூல்கள். அவற்றை மேற்கோளாகக் கொள்ளுங்கள். உண்மைகளை முதலில் திரட்டுங்கள், பின் எழுதுங்கள். கேட்பது யாது என்பதை ஒரே வரியில் சொல்லுங்கள். பொறுங்கள் என்று நல்லவர் சொன்னால், எத்தனை ஆண்டு பொறுத்தோம் என்பதை நாளிட்டு அவருக்குக் காட்டுங்கள்.

சங்கத்திற்கும் ஒரு விண்ணப்பம். மாதம் ஒருமுறை மனு எழுதும் பயிற்சி வகுப்பு நடத்துவோம். கொடுத்த ஒவ்வொரு மனுவின் படியையும் ஒப்புகைச் சீட்டையும் ஒரு பதிவேட்டில் சேர்த்து வைப்போம். பொன்விழா நாளில் அப்பதிவேடே நம் வரலாறாக விளங்கும். வாழ்க நம் சங்கம்! வளர்க நம் இளைஞர் எழுத்து!