ஒற்றைத் தலைவலியும் உள்ளமும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



மருத்துவம் பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று தாங்கள் கேட்கலாம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவன் நான். ஆயினும் இருபது ஆண்டுகளாக ஒற்றைத் தலைவலி என்னுடன் குடியிருக்கிறது. வாடகை தராத அக்குடியாளைப் பற்றி மருத்துவர்களைக் கேட்டும், கிடைத்ததைப் படித்தும் அறிந்தவற்றையே கூற வந்துள்ளேன்.

முதன்முதலில் என்னைக் கலங்க வைத்தது வலியன்று. சரக்கு வாகன் ஒவ்வொன்றுக்கும் 11 இலக்க எண் உண்டென்பதை இக்காலனியில் பலரும் அறிவர். அதன் கடைசி இலக்கம் பிழையைக் காட்டிக்கொடுப்பதற்கென்றே அமைந்தது. ஒரு கோடைப் பிற்பகல், தாளில் இருந்த எண்ணைத் திரையில் பதிக்க முயன்றேன். தாளிலிருந்து கண்ணை எடுத்த மாத்திரத்தில் நடு இலக்கங்கள் மறந்துபோயின. மும்முறை பதித்தேன், மும்முறையும் கடைசி இலக்கம் பொருந்தவில்லை. அப்போது தலை வலிக்கவேயில்லை. கொட்டாவி மட்டும் ஓயாமல் வந்தது. ஒரு மணி நேரம் கழித்தே வலி தொடங்கிற்று. அன்றிரவு இருட்டறையில் படுத்தவாறு, ‘அறிவு மங்கி வருகிறதோ, பிள்ளைகளின் படிப்பு என்னாகும்’ என்று அஞ்சினேன். அவ்வச்சத்தை மனைவியிடம்கூட இரண்டாண்டுகள் சொல்லவில்லை.

பின்னரே உண்மை விளங்கிற்று. இந்நோய் தலைவலி மட்டுமன்று; மூளையே சில மணி நேரம் தடுமாறும் நிலை. சிலருக்கு வலிக்கு முன் கண்ணெதிரே நெளிநெளியாக ஒளிக்கோடு தோன்றிப் பரவும். லாஷ்லி என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் தமக்குத் தோன்றிய அக்கோட்டை அவ்வப்போது வரைந்து, மூளைப் பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்கிறதென்று 1941-இல் கணக்கிட்டார். நோயாளியே தம் நோயை அளந்தது எனக்குப் பெருவியப்பு. 1944-இல் பிரேசில் நாட்டு லியாவோ, முயல்களின் மூளையில் அவ்வாறு மெல்லப் பரவும் அலையொன்றைக் கண்டறிந்தார். இரண்டும் ஒன்றே என்பது பிற்பாடு தெளிவாயிற்று.

வலி 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கலாம். அதற்கு முன்னும் பின்னும் கவனம் சிதறும், நினைவு வழுக்கும், சொல் வாய்க்கு வராது. எனக்கு முதலில் விலகுவது இந்தி. தமிழ் சற்று நேரம் கூடுதலாகத் துணை நிற்கிறது. ஆனால் இவையெல்லாம் திரும்பி வருபவை. அமெரிக்காவில் 65 வயது கடந்த 6,000-க்கு மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்து செய்து, 2012-இல் வெளியான ஆய்வில், இந்நோய் உடையோரின் அறிவாற்றல் மற்றோருடையதைவிட விரைந்து குறைந்ததாகத் தெரியவில்லை. மருத்துவர் இதைச் சொன்ன அன்று வீட்டுக்கு நடந்தே வந்தேன். அவ்வளவு இலேசாக இருந்தது.

உள்ளத்தின் கதை இவ்வளவு எளிதன்று. ஒற்றைத் தலைவலி உடையோரிடம் மனச்சோர்வும் பதற்றமும் மிகுதி. வலி சோர்வை வளர்க்கிறது. சோர்வும் வலியை வளர்க்கிறது. வலியில்லாத நாளிலும் ‘நாளை வந்துவிடுமோ’ என்ற கவலை ஓய்வதில்லை. விளக்கொளிக்கும் ஒலிபெருக்கிக்கும் அஞ்சி மூன்றாண்டுகள் நம் ஆண்டுவிழா நாடகத்துக்கு நான் வரவில்லை. கர்வம் என்று சிலர் கருதியதாகக் கேள்வி.

அவர்களை நான் குறை கூற முடியாது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்நோய் ஏறத்தாழ மும்மடங்கு. ஊரில் என் அக்காள் தலையில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு சுவரோரம் சுருண்டு கிடப்பாள். ‘மாவாட்டச் சொன்னால் மட்டும் தலைவலி வரும்’ என்று சிரித்தவன் நானே. எனக்கு வந்த பிறகு அதை நினைவூட்டித் தொலைபேசியில் வருந்தினேன். “ரொம்ப வலிக்குதாடா தம்பி?” என்றுதான் கேட்டாள்.

மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ விழுங்கிவந்தால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். நானும் அப்படி அகப்பட்டவன்தான். வலி அடிக்கடி வருவோர்க்கு வருமுன் தடுக்கும் மருந்துகள் உள்ளன. அவற்றுள் அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும் தரப்படுவது. மருந்துக்கடைக்காரர் அதைச் சொன்னதும், ‘எனக்கென்ன பைத்தியமா’ என்று சீட்டைக் கிழித்தெறிந்த நண்பர் ஒருவரை அறிவேன். குறைந்த அளவில் அது தலைவலிக்காகவே தரப்படுகிறது. ஆனால் திடீரென்று இடி விழுந்தாற்போல் வலித்தாலோ, கை கால் தளர்ந்து பேச்சுக் குழறினாலோ, ஒற்றைத் தலைவலிதான் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இவ்வாண்டு நாடகத்தன்று கடைசி வரிசையில், வாசலருகே, விளக்கொளி படாத இடத்தில் நாலைந்து நாற்காலிகள் போட்டுவைக்கச் செயலாளர் இசைந்துள்ளார். அங்கிருந்து எவரேனும் நடுவில் எழுந்து சென்றால், தங்கள் நடிப்பு பிடிக்கவில்லை என்று நடிகர்கள் வருந்த வேண்டா.