போச்செல்லியின் 'ஸீ': ஒரு ரசிகனின் எண்ணங்கள்



இசையில் இரு துறைகள் உண்டென்று நாம் பொதுவாகப் பேசி வருகிறோம். பல ஆண்டுச் சாதகத்தால் கைவருவது செவ்விசை. கேட்ட மாத்திரத்தில் எவர் நாவிலும் தவழ்வது மெல்லிசை. இவ்விரண்டிற்கும் இடையே நின்று பாடுகிறவர்களை மேலைநாட்டார் 'கிளாசிக்கல் கிராஸோவர்' பாடகர்கள் என்று அழைக்கின்றனர். ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கடந்து செல்வோர் என்பது அதன் பொருள். செவ்விசைப் பண்டிதர் சிலர் இவர்களை 'ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்' என்று இகழ்வதுண்டு. மெல்லிசை ரசிகர் சிலரோ, செவ்விசையின் சிகரமே இவர்கள்தாம் என்று மயங்குவதுமுண்டு. இவ்விரு கூற்றிலும் உண்மை ஓரளவே உண்டு என்பது என் துணிபு. அதனை வெறும் வாதமாகக் கூறாமல், ஒரு பாடகரையும் அவருடைய ஓர் இசைத்தொகுப்பையும் எடுத்துக்கொண்டு உங்களோடு சேர்ந்து ஆராய விழைகிறேன். பாடகர், இத்தாலி நாட்டு ஆந்திரேயா போச்செல்லி. தொகுப்பு, 2018-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான 'ஸீ' என்னும் ஆல்பம்.

போச்செல்லி 1958-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள், டஸ்கனிப் பகுதியில் லஜாட்டிகோ என்னும் சிற்றூரில் பிறந்தார். கண்ணில் அழுத்தம் மிகுந்து பார்வையைக் கெடுக்கும் கிளாகோமா என்னும் நோய் பிறவியிலேயே அவரைப் பற்றியிருந்தது. பன்னிரண்டாம் வயதில் கால்பந்து ஆடுகையில் பட்ட அடியால், எஞ்சியிருந்த பார்வையும் போயிற்று. எனினும் கல்வி நிற்கவில்லை. பீசா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று பட்டம் பெற்றார். சிறிது காலம் வழக்கறிஞராகவும் இருந்தார். மாலை வேளைகளில் மதுக்கூடங்களில் பியானோ வாசித்துப் பாடிப் பொருள் ஈட்டினார். பிராங்கோ கொரெல்லி என்னும் பெரும்பாடகரிடம் பாடமும் கேட்டார்.

1992-இல் சுக்கெரோ என்னும் மெல்லிசைப் பாடகர், புகழ்பெற்ற பவரொட்டியிடம் காட்டுவதற்காக ஒரு பாட்டின் மாதிரிப் பதிவு செய்ய விரும்பினார். அதனைப் பாடும் வாய்ப்பு போச்செல்லிக்குக் கிட்டிற்று. அப்பதிவைக் கேட்ட பவரொட்டி அக்குரலை மெச்சினார். 1994-இல் சான்ரேமோ இசைவிழாவின் புதுமுகப் பிரிவில் போச்செல்லிக்கு முதற்பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டு அதே விழாவில் 'கோன் தே பார்த்திரோ' என்னும் பாட்டைப் பாடினார். அன்று அதற்குக் கிடைத்தது நான்காம் இடமே. 1996-இல் ஆங்கிலப் பாடகி ஸாரா பிரைட்மனுடன் இணைந்து அவர் பாடிய வடிவம், ஜெர்மனியின் குத்துச்சண்டை வீரர் ஹென்றி மாஸ்கே களத்திலிருந்து விடைபெற்ற போட்டியில் ஒலித்தது. அதன் பின்னரே அப்பாட்டு உலகெங்கும் பரவிற்று.

இனி, பண்டிதர்களின் குறை யாது என்பதைப் பார்ப்போம். இதனை உணர, ஆப்பெரா என்னும் இத்தாலிய இசை நாடகத்தின் இயல்பை அறிந்திருத்தல் வேண்டும். மிலான் நகரத்து லா ஸ்காலா அரங்கு 1778-இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் அமரக்கூடியது. அவ்வளவு பெரிய அரங்கில், வாத்தியக் குழு முழங்கிக்கொண்டிருக்க, ஒலிபெருக்கியின் துணையின்றி ஒற்றை மனிதனின் குரல் கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டும். இது எவ்வாறு இயலும்? வெறும் உரத்த கூச்சலால் இயலாது. சுவீடன் நாட்டு ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெரி இதன் காரணத்தை ஒலியியல் வழியாக விளக்கினார். வாத்தியக் குழுவின் ஒலி வலிமை வினாடிக்கு 500 அதிர்வுகளை ஒட்டிய பகுதியில் மிகுதி. அதற்கு மேலே செல்லச் செல்லக் குறைகிறது. பயின்ற பாடகரோ தொண்டையின் அமைப்பை வசப்படுத்தி, வினாடிக்குச் சுமார் 3000 அதிர்வுகளை ஒட்டிய பகுதியில் தம் குரலின் வலிமையைக் குவிக்கிறார். வாத்தியங்கள் வலிமை குன்றிய அவ்விடத்தின் வழியே குரல் வெளியேறிச் செவியை எட்டுகிறது. பல்லாண்டு உழைப்பின் பயன் இது.

மைக் வந்ததும் நிலைமை மாறிற்று. 1925-இல் மின்முறை ஒலிப்பதிவு வழக்கத்திற்கு வந்தது. அதற்குப் பின், காதோடு பேசுவது போன்ற மென்குரலும் ஆயிரக்கணக்கானோரை எட்டலாயிற்று. ஆகவே, ஆப்பெரா முறையில் பயின்ற ஒருவர் மைக்கின் முன் நின்று மெல்லிசை பாடினால், பண்டிதர்கள் அதனை ஒரு சலுகையாகக் கருதுகின்றனர். போச்செல்லி ஆப்பெரா மேடையையும் நாடியவரே. 1998-இல் சார்டினியாத் தீவின் கல்யாரி நகரில் 'லா போஹேம்' நாடகத்திலும், 1999-இல் அமெரிக்காவின் டெட்ராயிட் நகரில் 'வெர்த்தர்' நாடகத்திலும் நடித்துப் பாடினார். பெரிய அரங்கை நிரப்ப அவருடைய சாரீரம் போதாது என்று விமரிசகர்கள் எழுதினர். நான் அவருடைய ரசிகன். ஆயினும் அக்குறையை மறுக்கமாட்டேன். அவருடைய குரல் இனிமையும் நெகிழ்ச்சியும் வாய்ந்தது. கடலென முழங்கும் குரலன்று.

ஆனால், மறுகரைக்குக் கடப்பதே இழுக்கு என்று கூறுவதற்கு வரலாறு இடந்தரவில்லை. ஆப்பெரா உலகின் பெரும்புகழ் பெற்ற கரூசோ, 1902-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள், மிலானில் ஒரு ஹோட்டல் அறையில், ஒலிப்பதிவுக் கருவியின் கூம்பு முன் நின்று பத்துப் பாட்டுகளைப் பதிவு செய்தார். பின்னர், நாப்போலி நகரத்துத் தெருக்களில் வழங்கிய பாட்டுகளையும் அவர் இசைத்தட்டுகளில் பாடினார். 1990-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள், உலகக் கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டத்திற்கு முந்திய இரவு, பவரொட்டி, டொமிங்கோ, கரேராஸ் ஆகிய மூவரும் ரோமாபுரியின் பழைய கரக்கல்லா குளிமண்டபத்தில் கூடிப் பாடினர். அன்று வாத்தியக் குழுவை நடத்தியவர் பம்பாயில் பிறந்த நம் நாட்டவரான ஜூபின் மேத்தா. கால்பந்து காண வந்த கூட்டம் அன்று புச்சினியின் இசையைக் கேட்டு மகிழ்ந்தது. எனவே, கடந்தார்களா என்று கேட்பதில் பயனில்லை. கடக்கும்போது கையில் எதனை எடுத்துச் சென்றார்கள் என்பதே கேட்கத்தக்க கேள்வி.

இக்கேள்வியை மனத்திற்கொண்டே 'ஸீ' ஆல்பத்தைக் கேட்டேன். இத்தாலிய மொழியில் 'ஸீ' என்றால் 'ஆம்' என்று பொருள். மேலை இசையின் ஏழாம் சுரத்தையும் இத்தாலியர் 'ஸி' என்றே வழங்குவர். நம் நிஷாதத்தின் இடம் அது. 2004-இல் வெளியான 'ஆந்திரேயா' என்னும் தொகுப்பிற்குப் பின் பதினான்கு ஆண்டுகள், தமக்கெனவே புதிதாக இயற்றப்பட்ட பாட்டுகளாலான ஆல்பம் எதனையும் அவர் வெளியிடவில்லை. இடையில் வந்த 'அமோரே', 'பாஸ்யோனே', 'சினிமா' ஆகியவை பெரும்பாலும் முன்னரே புகழ்பெற்ற பாட்டுகளைத் தாங்கியவை. ஆகவே, அறுபதாம் வயதில் புதிய பாட்டுகளுடன் அவர் முன்வந்தது துணிவான செயலே. இதனைத் தயாரித்தவர் பாப் எஸ்ரின். 1979-இல் வெளியான பிங்க் ஃபிளாய்டு குழுவினரின் 'தி வால்' ஆல்பத்தைத் தயாரித்தவர்களுள் ஒருவர் அவர். 'ஸீ' பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை அடைந்தது. அவ்விரு நாடுகளிலும் போச்செல்லியின் தொகுப்பு ஒன்று முதலிடம் பெற்றது அதுவே முதல் தடவை.

விற்பனை ஒரு புறம் இருக்கட்டும். என் செவிக்குப் பட்டதைக் கூறுகிறேன். எட் ஷீரன், டுவா லீப்பா முதலிய இளம் மெல்லிசைப் பாடகர்கள் இதில் அவருடன் இணைந்து பாடியுள்ளனர். பாட்டுகளை ஊன்றிக் கேட்டால், போச்செல்லி மறுகரைக்கு எடுத்துச் சென்ற பொருள் புலனாகிறது. முதலாவது, மூச்சு. நீண்ட சொற்றொடரை ஒரே மூச்சில், இறுதி எழுத்துவரை தளராமல் கொண்டு செல்கிறார். இரண்டாவது, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இடைவெளி தோன்றாமல் எண்ணெய் ஒழுக்குப் போலச் செல்லும் இணைப்பு. இதனை இத்தாலியர் 'லெகாட்டோ' என்பர். மூன்றாவது, உயிரெழுத்தின் தூய்மை. இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடிபவை. தெலுங்கு மொழியைக் கிழக்கின் இத்தாலியன் என்று கூறுவதும் இவ்வியல்பு கருதியே. தியாகராஜரின் கீர்த்தனங்களைக் கேட்டுப் பழகிய செவி, இறுதி உயிரில் நின்று கார்வை கொடுக்கும் இவ்வழகை எளிதில் கண்டுகொள்ளும். இம்மூன்றும் செவ்விசைப் பள்ளியின் செல்வங்கள். மெல்லிசை மேடையில் அவற்றை அவர் கைவிடவில்லை.

குறைகளும் உண்டு. சில பாட்டுகளில் வாத்தியங்களின் ஆரவாரம் அளவு கடந்து, உச்சக்கட்டம் வருவதற்கு முன்பே வந்துவிட்டது போன்ற உணர்வு எழுகிறது. பெரும்பாலான பாட்டுகள் ஒரே விதமான விளம்ப நடையில் செல்வதால், முழுவதையும் ஒருங்கே கேட்கையில் பாயசத்தின் மேல் பாயசம் பரிமாறியது போலத் திகட்டுகிறது. பெரியதாகத் தோன்ற முயலும் இடங்களில் குரலின் எல்லை தெரிகிறது. அறுபது வயதின் சுவடும் சில மேல்சுரங்களில் கேட்கிறது.

ஆயினும், அக்குரல் சிறியதாக இருக்கச் சம்மதிக்கும் இடங்களைக் கேளுங்கள். 'தோர்மி தோர்மி' என்னும் தாலாட்டு ஓர் உதாரணம். குழந்தையின் தொட்டிலருகே முழக்கத்திற்கு வேலையில்லை. அங்கே மைக் அவருக்கு ஊன்றுகோலாக இல்லை. நெருங்கி அமரும் தோழனாக இருக்கிறது. அடுத்தது, தம் மகன் மத்தேயோவுடன் பாடிய 'ஃபால் ஆன் மீ' என்னும் பாட்டு. அதே ஆண்டில் வெளியான டிஸ்னி நிறுவனத்தின் 'நட்கிராக்கர்' திரைப்படத்தின் இறுதியிலும் இப்பாட்டு ஒலித்தது. மகன் 1997-இல் பிறந்தவர். குரலில் இன்னும் முதிர்ச்சி கூட வேண்டியவர். தந்தை நினைத்தால் ஒரே வீச்சில் மகனின் குரலை மூடிவிடலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. தம் ஒலியைத் தணித்து, இளங்குரலுக்கு இடம் விட்டு, அது தயங்கும் இடத்தில் மட்டும் தோள் கொடுப்பது போல எழுந்து, மீண்டும் தணிகிறார். பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற எனக்கு, இது இசைக்கும் அப்பாற்பட்ட பாடமாகத் தோன்றிற்று. வலிமை உள்ளவன் அதனை அடக்கி வைப்பதற்கும் பயிற்சி வேண்டும். மேல்சுரத்தை எட்டுவதைக் காட்டிலும் அப்பயிற்சி அரிது.

மாணவ நண்பர்களே! நீங்கள் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். புச்சினியின் 'லா போஹேம்' நாடகத்தின் முதல் அங்கத்தில், கதாநாயகன் குளிரில் விறைத்த பெண்ணின் கையைப் பற்றிக்கொண்டு பாடும் புகழ்பெற்ற பாட்டு ஒன்று உண்டு. 1972-இல் காராயன் வாத்தியக் குழுவை நடத்த, பவரொட்டி பாடிய பதிவை முதலிற் கேளுங்கள். அதன் பின், 2000-ஆம் ஆண்டில் வெளியான, ஜூபின் மேத்தாவின் தலைமையில் போச்செல்லி பாடிய பதிவைக் கேளுங்கள். பண்டிதர்கள் கூறும் குறையின் நியாயம் ஐந்து நிமிடங்களில் உங்களுக்கே விளங்கிவிடும். அதன் பின் 'ஸீ' ஆல்பத்தின் தாலாட்டைக் கேளுங்கள். அப்போது அக்குரலின் நிறையும் விளங்கும். பிறர் தீர்ப்பை மனப்பாடம் செய்பவன் ரசிகன் ஆகான். தன் செவியைத் தீட்டிக்கொண்டு, குறையையும் நிறையையும் ஒருசேர அறிந்து, அதன் பின்னும் அன்பு செலுத்துபவனே ரசிகன்.

இன்னொன்றும் கூறுவேன். உங்களிற் பலர் ஒரு துறையைப் பயின்று, வேறொரு துறையில் பணிபுரிய நேரலாம். இயற்பியல் பயின்றவர் வங்கியில் அமரலாம். இலக்கியம் பயின்றவர் வாணிகம் செய்யலாம். 'கற்றதெல்லாம் வீணாயிற்றே' என்று அப்போது மனம் சோர்வது இயல்பு. கற்ற கல்வியின் புறத்தோற்றம் மட்டுமே நம்மிடம் இருந்தால், துறை மாறும்போது அது கழன்று விழுந்துவிடும். அதன் ஒழுங்கு நம் மூச்சில் கலந்திருக்குமாயின், எக்கரையை அடைந்தாலும் அது நம்முடன் வரும். சட்டம் பயின்று, மதுக்கூடத்தில் பாடி, ஆப்பெராவின் முறையைக் கற்று, மெல்லிசையில் உலகப் புகழ் பெற்ற போச்செல்லியின் குரல் எனக்கு உணர்த்துவது இதுவே. நேரம் வாய்க்கும்போது கேளுங்கள். பொருள் புரியாவிடினும், ஒவ்வொரு சொல்லின் கடைசி உயிரெழுத்தும் தேய்ந்து அடங்கும் வரை செவி கொடுத்துக் கேளுங்கள்.